பாயிஸா சொன்ன இரண்டாவது வசனம்

போன திங்கட்கிழமை கொழும்பிலிருந்து ஒரு போன். பெரிய விமர்சகர். ஞாயிறு பேப்பரில் அவருக்கென்று ஒரு முழுப் பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் — எனக்கு இந்த அரைப் பக்கம், அதிலும் கீழே நகைக்கடை விளம்பரம். மனுஷன் எடுத்த எடுப்பில் கேட்டார்:

"அந்த வரிய எங்கயிருந்து ஐசே பிடிச்சீர்?"

எந்த வரி என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். மூன்று கிழமைக்கு முன், இரண்டு ஆண்கள் காதலிக்கிற ஒரு வெளிநாட்டுப் படத்தைப் பற்றி இதே இடத்தில் எழுதியிருந்தேன். அதில் ஒரு வரி: 'இருவரும் ஆண்கள். அதனால் இருவருக்குமே வீடில்லை.' எங்கள் ஊர் வழக்கத்தோடு சேர்த்து அப்படி எழுதியது நிறையப் பேருக்குப் பிடித்துப்போனது.

நான் என்ன பதில் சொன்னேன்? சும்மா தோணிச்சு என்றேன்.

பொய். அது எனக்குத் தோன்றவில்லை. என் மனைவி பாயிஸாவுக்குத் தோன்றியது. நான் எடுத்துக்கொண்டேன்... திருடினேன் என்று சொன்னால்தான் சரி. பொறாமை பிடித்த மனிதன் என்னவெல்லாம் செய்வான் என்று கேட்க விருப்பமில்லாதவர்கள் பின்பக்கம் கிரிக்கெட் செய்திக்குப் போகலாம்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன்.

கல்முனையில் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஒரு திரைப்பட வட்டம் நடத்துகிறோம். டியூஷன் நடக்கிற டியூட்டரி ஒன்றின் மேல்மாடி. சுனாமிக்குப் பிறகு உதவிக்கு வந்த வெளிநாட்டுக்காரர்கள் ஊரைவிட்டுப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன புரொஜெக்டர். மாதத்தில் ஒரு ஞாயிறு, அஸர் தொழுகைக்குப் பிறகு படம். படத்துக்கு முன் ஐந்து நிமிடம் நான் பேசுவேன். படத்துக்குப் பின் அரை மணித்தியாலம் நான் பேசுவேன். இடையில் மற்றவர்கள் படம் பார்ப்பார்கள்.

யுத்தம் முடிந்த பிறகு கொழும்பு பஸ்ஸை வழிநெடுக ஆமிக்காரர் நிறுத்தி, இறக்கி, பையைக் கிண்டிப் பார்ப்பது குறைந்துவிட்டது. டிவிடிகளும் தாராளமாக வரத் தொடங்கின. இந்தப் படத்தை அந்தக் கொழும்பு விமர்சகர்தான் கொடுத்தனுப்பியிருந்தார் — கூடவே தான் எழுதிய முழுப் பக்கத்தையும் வெட்டி வைத்து. அவர் அந்தப் படத்தைப் புரட்சி என்று எழுதியிருந்தார். இன்னொரு பேப்பரில் ஒருவர் கலாசாரச் சீரழிவு என்று எழுதியிருந்தார். இரண்டையும் வாசித்தேன். இரண்டு பேருமே பாதிப் படத்தோடு எழும்பிப் போயிருப்பார்கள் போலிருந்தது.

படத்தின் கதை சின்னது. ஒருவன் பேக்கரிக்காரரின் மகன். மற்றவன் லொறி மெக்கானிக். விஷயம் தெரிந்ததும் தகப்பன் மகனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறார். வாடகை அறைக்காரி பெட்டியைத் தூக்கி வாசலில் வைக்கிறாள். பிறகு ஒரு பழைய வேன்... மழை... ஊர் ஊராகப் போகிறார்கள். படம் முடியும்போதும் அந்த வேனுக்குள்தான் இருக்கிறார்கள்.

எங்கள் வட்டம் இதை எப்படிப் பார்த்தது?

முத்தக் காட்சி வந்தது. புரொஜெக்டருக்குப் பொறுப்பான நஸீர் காக்கா லென்ஸுக்கு முன்னால் கையை வைத்து மறைத்தார். முத்தம் முழுக்க அவருடைய உள்ளங்கையில் விழுந்தது. நாங்கள் எல்லோரும் இருட்டில் இருந்தோம்; அவர் மட்டும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு பேர் மஃரிப் தொழுகைக்கு நேரமாகிறது என்று எழும்பிப் போனார்கள். மஃரிபுக்கு இன்னும் முக்கால் மணித்தியாலம் இருந்தது. படம் முடிந்ததும் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர் ஒளிப்பதிவைப் பற்றிப் பேசினார். மழையை எப்படிப் பிடித்திருக்கிறான், வேன் கண்ணாடியில் தண்ணீர் எப்படி வழிகிறது... இருபது நிமிடம். வேனுக்குள் யார் இருந்தார்கள் என்று மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. ஒரு மௌலவி ஆசிரியர்தான் நேராகக் கதைத்தார். மார்க்கத்தில் இது கூடாது, அதில் தனக்குச் சந்தேகமே இல்லை, ஆனால் அந்த வாப்பா கதவைச் சாத்தினது சரி என்று சொல்லவும் தனக்கு வாய் வரவில்லை என்றார். அதற்குப் பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் விமர்சகன் அல்லவா?

"இது மௌனத்தின் படம்" என்றேன்.

என்ன அர்த்தம்? எனக்கும் தெரியாது. தலையாட்டினார்கள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கே கூச்சமாக இருந்தது. படம் என்னை எங்கேயோ பிடித்திருந்தது. எங்கே என்று சொல்லத் தெரியவில்லை.

அடுத்த நாள் தலையிடி என்று கந்தோரில் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தால், முன் அறையில் டீவி ஓடுகிறது. பாயிஸா, அவளுடைய தங்கச்சி, பக்கத்து வீட்டுப் பெண் — மூன்று பேரும் பாயில் இருந்து படம் பார்க்கிறார்கள். எந்தப் படம்? நான் பேப்பரில் சுற்றி அலுமாரிக்குள் ஒளித்து வைத்த அதே படம். நடுவில் ஒரு சுளகு நிறைய வெங்காயம். என்னைக் கண்டு ஒருத்தியும் பதறவில்லை. கீழே ஓடுகிற ஆங்கில எழுத்தில் பாதி அவர்களுக்கு விளங்காது; மீதியை முகங்களைப் பார்த்தே பிடித்துக்கொண்டார்கள்.

பக்கத்து வீட்டுப் பெண்தான் கேட்டாள்.

"ஓம் கா, இதுல யாரு யார்ட வீட்ட போய் இரிக்கிற?"

வெளியூர் வாசகர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பது. ஒரு பெண்பிள்ளை பிறந்தால் வாப்பா அன்றைக்கே கல்லுச் சேர்க்கத் தொடங்கிவிடுவார். வீடு அவளுடைய சீதனம். நிந்தவூரானாலும் அட்டாளைச்சேனையானாலும் கல்யாணப் பேச்சில் முதல் கேள்வி, வீடு கட்டி முடிஞ்சுதா என்பதுதான். ஆண்பிள்ளைக்கு யாரும் வீடு கட்டுவதில்லை. அவன் ஒரு பெட்டியோடு போய் ஏறவேண்டியவன். நானும் அப்படி ஏறினவன்தான்.

ஆகவே அவள் கேட்டது பகிடிக்கு இல்லை. ஒரு சோடியைப் பார்த்தால் எங்கள் ஊர்ப் பெண்கள் முதலில் கேட்பதைத்தான் கேட்டாள். தங்கச்சிக்காரி சிரித்தாள். பாயிஸா சிரிக்கவில்லை. வெங்காயத்தைச் சுளகில் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"ரெண்டும் ஆம்புள. ரெண்டு பேருக்கும் வீடில்ல."

பிறகு இன்னொரு வசனமும் சொன்னாள். அதைப் பின்னால் சொல்கிறேன்.

எனக்கு வயிறு எரிந்தது. மறைக்க என்ன இருக்கிறது? பொறாமை! இருபது வருஷமாக உலகப் படம் பார்க்கிறவன் நான். எந்த நாட்டில் எவன் எப்படிக் கமராவை வைக்கிறான் என்று வகுப்பெடுக்கிறவன். எங்கேயோ குளிர் நாட்டில் எடுத்த படத்தின் நெஞ்சைப் போய் இவள் தொட்டுவிட்டாள் — வெங்காயம் உரித்த கையால். கொழும்புக்காரரின் முழுப் பக்கத்தில் இது இல்லை. நான் மேல்மாடியில் சொன்ன மௌனத்திலும் இல்லை. இவளுக்கு மட்டும் எப்படிப் பிடிபட்டது?

அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன். அவளுடைய முதல் வசனத்தை நடுவில் வைத்து, சுற்றிவர என் சாமான்களை அடுக்கினேன். 'என் மனைவி சொன்னாள்' என்று எழுத எவ்வளவு நேரமாகும்? எழுதினேன். பிறகு வெட்டினேன்.

பேப்பர் வந்தது. அட்டாளைச்சேனையிலிருந்து ஒரு விரிவுரையாளர், வகுப்பில் வாசித்துக் காட்டியதாக எஸ்.எம்.எஸ். அனுப்பினார். நம்முடைய அதிபர் சந்தையில் வைத்துக் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒவ்வொரு பாராட்டுக்கும் எனக்குச் சந்தோஷம் வந்திருக்கவேண்டும்... வரவில்லை. என் பெயருக்கு வந்த பாராட்டின் மேலேயே எனக்குப் பொறாமை. இப்படி ஒரு வியாதியைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? பாயிஸா பேப்பரை வாசித்தாள், மடித்தாள், வைத்தாள். 

கொழும்புப் போன் வந்ததற்கு அடுத்த நாள், பேப்பர் ஒஃபிஸ் மூலமாக ஒரு கடிதம். பெயரில்லை. ஊரில்லை. எழுத்தைப் பார்த்தால் எங்கள் கரைக்காரர் என்று தெரிந்தது. தானும் அந்தப் படத்து இரண்டு பேரைப் போன்ற ஒருவன்தான் என்று எழுதியிருந்தார். வந்த கல்யாணப் பேச்சையெல்லாம் தட்டிக்கழித்துவிட்டாராம். உம்மா மௌத்தான பிறகு உம்மாவின் வீடு தங்கச்சிக்குப் போய்விட்டது. இப்போது ஒரு கடையின் மேல்மாடியில் பாயோடும் தலையணையோடும் இருக்கிறார். அவருடைய கூட்டாளி வேறோர் ஊரில் இதேபோல. இத்தனை நாளும் தன் துக்கம் என்னவென்று தனக்கே சொல்லத் தெரியவில்லை, அந்த வரியை வாசித்தபோதுதான் தெரிந்தது என்று எழுதி, கடைசியில் இப்படி முடித்திருந்தார்: 'அந்த வரியை எழுதிய கைக்கு என் ஸலாம்.'

இந்த ஸலாத்தை நான் எப்படி எடுத்துக்கொள்வது? கொழும்பு விமர்சகரிடம் பொய் சொல்லலாம்; அவரும் நாலு பொய் சொல்கிற ஆள்தான். இந்த மனிதரிடம் முடியவில்லை.

கடிதத்தைப் பாயிஸாவிடம் கொடுத்தேன். இரண்டு தரம் வாசித்தாள். இது உனக்கு வந்தது, உன் வசனத்தை நான் எடுத்துவிட்டேன் என்றேன். தெரியும் என்றாள். 

"மொத வசனத்த எடுத்ததுக்கு எனக்கு ஒண்டுமில்ல, மச்சான். ரெண்டாவத ஏன் உட்டீங்க?"

இரண்டாவது வசனம் இதுதான்: "அப்புடி இரிந்தும் ஒருத்தன ஒருத்தன் உட்டுட்டுப் போகல்ல."

ஏன் விட்டேன்? எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது.

பாயிஸாவின் சீதன வீடு கடற்கரைப் பக்கம் இருந்தது. சுனாமி அதை அத்திவாரத்தோடு கொண்டுபோனது. நாங்கள் எல்லோரும் உயிர் தப்பினோம், அல்ஹம்துலில்லாஹ். அவள் மூன்று பிள்ளைகளோடு முதலில் பள்ளிக்கூடத்தில், பிறகு கூடாரத்தில், பிறகு தகரக் கொட்டிலில் இருந்தாள். நான் எங்கே இருந்தேன்? சவளக்கடையில், கூடப்பிறந்த என் ராத்தா வீட்டில். கடல் வராத இடம். சுற்றிவர வயல். ஒரு மேசை, ஒரு ஃபேன். முதுகு நோகிறது, கந்தோர் ஃபைல் நனைந்துவிடும், எழுத வெளிச்சம் வேண்டும்... சாட்டுக்கா பஞ்சம்? வெள்ளிக்கிழமைகளில் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

அப்படிப் பத்து மாதம். அந்தப் பத்து மாதமும் இந்தப் பக்கத்தில் கூடார வாழ்க்கையைப் பற்றித்தான் எழுதினேன். வாசித்து அழுததாக நீங்கள் கடிதம் போட்டீர்கள். நான் கூடாரத்துக்குள் இருந்து எழுதுவதாக நினைத்தீர்கள். நானும் இல்லை என்று சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைகளில் பாயிஸாவிடம் கேட்டு வந்ததைத்தான் சனிக்கிழமைகளில் எழுதினேன். ஆக, இது என் முதல் திருட்டும் இல்லை.

"மழைக்குள்ள அவனுகள் ரெண்டு பேரும் அந்த வேனுக்குள்ள இரிந்த நேரம் எனக்குப் பொறாமையா இரிந்திச்சி" என்றாள் பாயிஸா. "இப்ப இந்த வீடும் உங்கட பேரில. வீடில்லாத ஆள்ர கத எனக்கு வெளங்காதா?"

அதுவும் உண்மைதான். சுனாமியில் வீடிழந்தவர்களுக்குப் புது வீடு கொடுத்தபோது, குடும்பத் தலைவர் யாரோ அவர் பெயரில்தான் எழுதினார்கள். படிவத்தில் என்னைத் தலைவர் என்று நிரப்பியதும் பாயிஸாதான். வரிசையில் நின்றதும் அவள்தான். நான் அன்றைக்கும் சவளக்கடையில்.

இப்போது விளங்குகிறது, அந்தப் படம் என்னை எங்கே பிடித்தது என்று. யாரோ ஒரு மெக்கானிக், யாரோ ஒரு பேக்கரிக்காரன் மகன் — இரண்டு பேரும் நடிகர்கள், மழையும் குழாய்த் தண்ணீராக இருக்கலாம். இருந்தாலும் அவர்கள் மேல் எனக்குப் பொறாமை. என்னால் முடியாததை ஒரு பழைய வேனுக்குள் இருந்து அவ்வளவு லேசாகச் செய்துவிட்டார்கள்.

வீட்டை உன் பெயருக்கு மாற்றித் தருகிறேன் என்றேன். மாற்றுங்க, அது வேற கத என்றாள். என்னை மன்னித்துவிட்டாயா என்று கேட்டேன். அவள் கடிதத்தைத் திரும்பவும் கையில் எடுத்தாள். இந்த மனிசனுக்குப் பதில் போட அட்ரஸ் இல்லையே, உங்கட பக்கத்தில போடுங்க என்றாள். என்ன எழுத வேண்டும் என்று அவளே சொன்னாள். ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல், இந்த முறை பெயரும் போட்டு எழுதுகிறேன்.

"வஅலைக்கும் ஸலாம். உங்கட கூட்டாளிக்கும் எண்ட ஸலாத்தச் செல்லுங்க. — பாயிஸா."

அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது. எனக்குத்தான் இன்னும் இல்லை.