நைனாவின் நீட்டு வண்டியும் நான் சொன்ன பொய்யும்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உற்றார் உறவினர், ஊர்ப் பெரியவர்கள், நைனாவின் நண்பர்கள் அனைவருக்கும் மூத்த மகளின் வணக்கம். நாங்கள் நைனா என்று கூப்பிட்ட அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. அவருடைய நல்ல குணங்களை எழுதிக் கொடு என்று தம்பி கேட்டான். எழுதுகிறேன். ஆனால் அவற்றில் பெரிய குணத்தை எழுத வேண்டுமென்றால் என்னுடைய சின்னப் புத்தியையும் சேர்த்து எழுதித்தான் ஆக வேண்டும். படித்துவிட்டு நீங்கள் என்னைத் திட்டினாலும் தகும்.

நைனா பிறந்தது கே.ஜி.கண்டிகைக்குப் பக்கத்தில், நிலம் வைத்துப் பயிர் செய்துவந்த குடும்பத்தில். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிய கோடையில் தாத்தா காலமானார். பரீட்சை முடிவு வந்த அன்று நைனா கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தாராம். பாஸாகிவிட்டாய் என்று ஓடிவந்து சொன்ன நண்பரிடம், "ஆங், சரி. அந்த மடைய கொஞ்சம் அடைச்சிட்டுப் போ" என்றாராம். படிப்பைப் பற்றி அதற்குமேல் அவர் வாழ்நாளில் பேசியதில்லை. தம்பி தங்கைகள் நால்வரையும் படிக்கவைத்து, கல்யாணம் செய்துகொடுத்து, கடைசியாகத்தான் தனக்குப் பெண் பார்க்கச் சம்மதித்தார். அதனால் எங்கள் அம்மாவைக் கைப்பிடித்தபோது அவருக்குக் காதோரம் நரைத்திருந்தது. கல்யாண போட்டோவைப் பார்த்து நாங்கள் கேலி செய்தால், "கரும்பு முத்தினாத்தான் இனிப்பு" என்பார்.

நான் ஏழாவது படிக்கும்போது அந்த வண்டி வீட்டுக்கு வந்தது. அரக்கோணத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றுச் சொந்த ஊர் திரும்பிய ஓர் அதிகாரியிடமிருந்து வாங்கியது. நீல நிற ஸ்டேஷன் வேகன். முன்பாதி கார், பின்பாதி சரக்கு வண்டி மாதிரி நீண்டு போகும். பின்கதவை மேலே தூக்கினால் ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கலாம். ஊரில் அதற்கு 'நீட்டு வண்டி' என்று பெயர் விழுந்தது. காலையில் அதில் நிலக்கடலை மூட்டை போகும். அதே நாள் சாயங்காலம் துடைத்துப் படுதா விரித்துக் கல்யாணத்துக்கும் போகும். ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் தெருவில் யார் வேண்டிக்கொண்டாலும் பூ வைத்துக் கட்டிய காவடியை அப்படியே முழுசாகப் படுக்கவைத்து மலையடிவாரம்வரை கொண்டுபோவார் நைனா. ஒரு பூ கசங்காது. பிரசவ வலி எடுத்தவர்களையும் அதே பின்பக்கத்தில்தான் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனார். அப்படிப் பிறந்தவர்களில் நாலைந்து பேராவது இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

கோபம் வராத மனிதர் என்று நைனாவைச் சொல்ல முடியாது. வண்டிக் கதவை அறைந்து சாத்தினால் போதும். "கதவா அது, கசாப்புக் கட்டையா?" என்று கத்துவார். சித்தப்பாக்கள்கூட அந்தக் கதவை இரண்டு கையாலும் பிடித்துத்தான் மூடுவார்கள். அதே நைனாதான், நான் வண்டி ஓட்டப் பழகியபோது வேப்பமரத்தில் இடித்து முன்விளக்கை உடைத்ததற்கு ஒரு வார்த்தை திட்டவில்லை. இறங்கிப் பார்த்துவிட்டு, "மரத்துக்கு ஒண்ணும் ஆவல. நீ எடு" என்றார். பெண்பிள்ளைக்கு எதற்கு டிரைவிங் என்று உறவில் கேட்டவர்களுக்கு, நாளைக்கு என்னை யார் இட்டுகினு போவறது என்று பதில் சொன்னார்.

அம்மா இறந்த பிறகு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் திருத்தணியில் எங்கள் வீட்டுக்கு வந்தார். வண்டியும் கூடவே வந்தது. வாசலில் ஒரு வண்டி நிற்கத்தான் இடம். அப்போது எனக்கு ஒரே பெண். பிறகு இரட்டையராக இரண்டு பையன்கள் பிறந்தார்கள். நானும் கணவரும், மூன்று பிள்ளைகள், மாமியார், நைனா என்று ஏழு பேர் ஆனோம். நீட்டு வண்டியில் சீட்டு ஐந்துதான். பள்ளிப்பட்டில் ஒரு சீமந்தத்துக்குப் போனபோது பையன்களைப் பின்னால் படுதாவில் உட்காரவைத்தோம். பிரேக் போட்டதில் சின்னவன் உருண்டு நெற்றியில் அடிபட்டது. அன்றைக்கே ஏழு பேர் உட்காரும் வேன் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன்.

இடம் போதவில்லை என்பது நிஜம். ஆனால் முழு நிஜம் அதுவல்ல. நான் ஆசிரியையாக இருக்கும் பள்ளியின் வளாகத்தில், மற்றவர்களுடைய பளபளப்பான கார்களுக்கு நடுவில் அந்தப் பழைய நீல வண்டியை நிறுத்த எனக்கு வெட்கமாக இருந்தது. அதில் போய்த்தான் நான் படித்தேன், அதில் போய்த்தான் வேலைக்கும் சேர்ந்தேன். ஏறிவந்த ஏணி கண்ணுக்கு அசிங்கமாகத் தெரிந்தது எனக்கு.

நைனாவிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. "வேனு வாங்கும்மா, புள்ளைங்களுக்கு வோணும். இது கண்டிகையில நம்ம கொட்டாயில நின்னுகினு போவட்டும். வாரம் ஒருதரம் போய் ஸ்டார்ட் பண்ணி வெக்கிறேன்" என்றார். வேனுக்கு முன்பணமாக அந்த வண்டியை விற்கலாம் என்று நான் மனதுக்குள் முடிவு கட்டியிருந்தேன். அதை நேராகச் சொல்லியிருந்தால் சரி என்று சொல்லியிருப்பார். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை.

பழைய வண்டிகளுக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை அரசுப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்டி எஃப்.சி. என்ற தகுதிச் சான்றைப் புதுப்பிக்க வேண்டும். அந்த முறை கெடு நெருங்கியிருந்தது. நைனாவுக்குக் கண்புரை எடுத்து ஒரு வாரம்தான் ஆகியிருந்ததால் நான் தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அலுவலகத்துக்குப் போகவில்லை. சோளிங்கர் சாலையில் ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு, பக்கத்துக் கடையில் இரண்டு டீ குடித்துவிட்டு, மதியம் வீடு திரும்பினேன்.

"இன்னாம்மா சொன்னாங்க?" என்று கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டபடி வாசலிலேயே காத்து நின்று கேட்டார் நைனா.

"அடியில துரு புடிச்சிக்கிச்சாம் நைனா. எஃப்.சி. தரமாட்டோம், இனிமே ரோட்ல ஓட்டவே கூடாதுன்னுட்டாங்க."

நைனா வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். குனிந்து கையால் அடிப்பக்கத்தைத் தடவினார். "சரிம்மா" என்றார். அவ்வளவுதான்.

பள்ளிப்பட்டில் சேலை மூட்டைகளை ஏற்றிப் போக வண்டி தேடிக்கொண்டிருந்த ஓர் அண்ணன் வந்தார். வண்டி நல்ல நிலையில் இருக்கிறது, புதுப்பித்துக்கொள்ளுங்கள் என்று அவரிடம் சொன்னேன். நைனாவிடம், உடைத்துப் பாகங்களை எடுக்க வாங்குகிறார் என்று சொன்னேன். ஒரு பொய்க்கு ஒன்பது பொய் என்பது சும்மா இல்லை. கொடுக்கும் நாளன்று நைனா வண்டியைக் கழுவி, பெட்ரோல் பங்குக்குக் கொண்டுபோய் டேங்கு நிறைய டீசல் போட்டுக் கொண்டுவந்தார். "ஒடைக்கப் போற வண்டிக்கு எதுக்கு நைனா?" என்று கேட்டேன். "வெறும் வயித்தோட அனுப்பக் கூடாதும்மா" என்றார்.

பத்து நாள் கழித்து வேன் வந்தது. மலையில் பூஜை போட்டோம். அர்ச்சனை யார் பேருக்கு என்று குருக்கள் கேட்டார். எங்கள் வீட்டில் எந்த வண்டிக்கும் நைனா பேருக்குத்தான் அர்ச்சனை நடக்கும். அன்று நைனா முந்திக்கொண்டு, "எம்பொண்ணு பேருக்குப் பண்ணுங்க சாமி. ஓட்டப் போறது அவதான்" என்றார். சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழத்தை அவரே குனிந்து வைத்தார்.

அந்த வேனில் நைனாவுக்குக் கிடைத்தது கடைசி வரிசை. நடுவில் பிள்ளைகளும் மாமியாரும், முன்னால் நானும் கணவரும். முதல் நாளே என் கணவர் இறங்கி, "மாமா, நீங்க முன்னால வாங்க" என்றார். மாப்பிள்ளையைப் பின்னால் உட்காரவைத்து மாமனார் முன்னால் உட்காருவதா என்று நைனா காதைப் பொத்திக்கொண்டார். நாங்கள் இன்னொரு முறை கேட்கவில்லை. ஒரு தடவை கேட்டதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிட்டோம். நடுச்சீட்டை மடக்கி, வலிக்கும் முழங்காலைக் கையால் தூக்கிவைத்து, தலையைக் குனிந்து அவர் உள்ளே போவதைக் கண்ணாடியில் பார்ப்பேன். அங்கே ஜன்னல் திறக்காது. வாழ்நாள் முழுக்க முழங்கையை வெளியே வைத்து ஓட்டியவர், மூடிய கண்ணாடிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கஷ்டமாக இருக்கிறதா என்று கேட்டால், "இங்கதாம்மா நிம்மதியா தூக்கம் வருது" என்பார். ஒரு நாளும் அவர் தூங்கி நான் பார்த்ததில்லை.

வண்டியை ஏன் விற்றுவிட்டீர்கள் என்று உறவினர்கள் கேட்கும்போதெல்லாம், "எனக்குக் கண்ணு சரியில்ல. நாந்தான் தள்ளிவிடச் சொன்னேன்" என்றார். கண்புரை எடுத்த பிறகு அவர் கண்ணாடி இல்லாமல் பேப்பர் படித்தார். ஏன் இப்படிச் சொல்கிறார் என்று நான் யோசிக்கவில்லை. யாரும் என்னைக் கேள்வி கேட்கவில்லை என்று நிம்மதியாக இருந்தேன்.

மூன்று வருடம் இப்படிப் போனது. பிறகு சிறுநீரகம் பழுதாகி, வாரம் இரண்டு முறை ஆஸ்பத்திரி என்றானது. கடைசி மாதத்தில்தான் அவரை முன்சீட்டுக்கு மாற்றினோம். அதுவும் மடக்கி ஏற முடியாமல் போனதால். ஒரு நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்து எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். "நைனா, நம்ம நீட்டு வண்டி..." என்றதும் கையை உயர்த்தினார். "மணி ஆயிடுச்சி. பசங்க ஸ்கூல் வுட்டு வந்து நின்னுகினு இருப்பாங்க. நீ போம்மா" என்றார். நானும் கிளம்பிவிட்டேன். நான்காம் நாள் நைனா காலமானார்.

கருமாதி அன்று பந்தலுக்கு எதிரே ஒரு நீல வண்டி வந்து நின்றது. பின்கதவில் புதுப் பெயிண்ட். பள்ளிப்பட்டு அண்ணன் மாலையோடு இறங்கி, கதவை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகச் சாத்தினார். உங்களில் பலர் அன்று அங்கே இருந்தீர்கள். "இது அவரோட வண்டி ஆச்சே! ஒடைக்கக் குடுத்துட்டதா அவரே சொன்னாரே?" என்று சின்ன அத்தை கேட்டார். நான் ஒன்றும் தெரியாதவள்போல் சமையல் பக்கம் போய்விட்டேன்.

அண்ணன் அங்கேயே தேடி வந்து நடந்ததைச் சொன்னார். வண்டி நைனா பேரில் இருந்ததால் புதுப்பிக்க அவர் கையெழுத்து வேண்டும். அது என் மூளைக்கு எட்டவே இல்லை. நான் பள்ளிக்குப் போயிருந்த நேரத்தில் அண்ணன் வந்து கேட்க, நைனாவும் கூடவே வண்டியில் ஏறி அந்த அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். அதிகாரி அடியில் தட்டிப் பார்த்து, இன்னும் பத்து வருடம் ஓடும் என்று சொல்லி அன்றைக்கே எஃப்.சி. கொடுத்திருக்கிறார். இது நடந்தது வேனுக்குப் பூஜை போடுவதற்கு மூன்று நாள் முன்பு.

"நைனா ஒண்ணும் சொல்லலியா?" என்று கேட்டேன்.

"திரும்பி வரும்போது அவுரு ஓட்டிகினு வந்தாரும்மா. பாதி வழியில சொன்னாரு, 'எம்பொண்ணுக்குப் பொய் சொல்ல வராது. அவளே சொல்லிட்டான்னா, இன்னா கஷ்டமோ. எனக்குத் தெரிஞ்சிப்போச்சின்னு அவளுக்குத் தெரியக் கூடாது, மூஞ்சி வாடிப்பூடும்'னு. சத்தியம் வாங்கிகினாரு. அதான் அவுரு இருக்கறவரைக்கும் நான் உங்க தெருப் பக்கமே வண்டிய எடுத்துகினு வரல."

உறவினர்களே, இதைப் படித்த தம்பி, "அந்தப் பகுதிய எடுத்துடுக்கா, நைனாவே மறைச்சத நீ எதுக்குச் சொல்ற" என்றான். என் மானத்தைக் காப்பாற்ற அவர் மூன்று வருடம் தன் கண்மேல் பழி போட்டுக்கொண்டார். கண் நன்றாகத்தான் இருந்தது என்று எழுத எனக்கு இந்த ஒரு மலர்தான் இருக்கிறது.

நைனாவின் கடைசி நாட்களில் இரவு பகல் பாராமல் உடனிருந்த தம்பிக்கும், மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், மாமனாரைத் தந்தையாகப் பார்த்துக்கொண்ட என் கணவருக்கும், தன் கைப்பக்குவத்தில் உப்பில்லாக் கஞ்சி வைத்துக்கொடுத்த மாமியாருக்கும், தோள்கொடுத்த கண்டிகை ஊர்மக்களுக்கும், கொடுத்த சத்தியத்தைக் காத்த பள்ளிப்பட்டு அண்ணனுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இவர்களில் யாரிடமும் நான் பொய் சொல்லவில்லை. சொன்னது ஒருவரிடம் மட்டும்தான்.

நைனா, நான் அன்னிக்கு அந்த ஆபீசுக்குப் போவவே இல்ல.

இப்படிக்கு,
உங்கள் மூத்த மகள்