ஒலிபெருக்கியில்லா மூவரும் மூன்று சனிக்கிழமைகளும்

இசைக்குழுவுக்கு மேலாளராக இருப்பது, வகுப்புக்கே வராத பிள்ளைகளுக்கு வருகைப் பதிவேடு எழுதுவதைப் போன்ற தொழில். பள்ளியிலிருந்து ஓய்வுபெற்ற நான் இதில் சிக்கிய கதை, பிறரைக் குறித்த நேரத்துக்கு வரவழைக்கப் போராடிக் களைத்த அன்பர்கள் அனைவருக்கும் ஆறுதலாக அமையும்.

குறை கூறச் சென்ற இடம்

கொச்சியின் மட்டாஞ்சேரியில் என் வீட்டின் பின்புறம் உள்ள பழைய மிளகுக் கிடங்கின் மாடியில் மூவர் ஜாஸ் பயின்றனர்: ட்ரம்பெட் ஊதும் ஸ்நேகா, கிட்டார் மீட்டும் அஜ்மல், ஆளுயர நரம்புக் கருவியான டபுள் பேஸை நின்றபடி வாசிக்கும் ஜோபின். அங்கே மின் இணைப்பு இல்லை. ஆகவே ஒலிபெருக்கியும் இல்லை. பின்னாளில் அதையே தங்கள் கொள்கையென அறிவித்துக்கொண்டனர்!

சத்தத்தைக் கண்டிக்கவே படியேறினேன். நான்கு மணிப் பயிற்சிக்கு அஜ்மல் ஐந்தேகாலுக்கு வந்து சேர்ந்ததைக் கண்டதும், வந்த காரியத்தை மறந்து அவனைக் கண்டித்தேன். ஸ்நேகா சிரித்தாள். "ஒங்களை மாதிரி ஒரு ஆள் இல்லாமத்தான் டீச்சரே, நாங்க இன்னும் ஒரு மேடைகூட ஏறல." அன்று முதல் நானே அவர்களின் மேலாளர்.

இறக்கும் உரிமை

கடைவீதியின் மறுகோடியில் காபிக்கடை நடத்தும் மாத்யூ, மூன்று சனிக்கிழமைகள் வாசித்துக் காட்டச் சொன்னார். பிடித்தால் வாரந்தோறும் இடம். பிடிக்காவிட்டால் தான் பெங்களூரு வேலைக்குப் போய்விடுவதாக ஜோபின் கூறிவிட்டான். அவன் போனால் குழுவே இல்லை.

முதல் சனிக்கிழமை டபுள் பேஸ் சரக்கு ஆட்டோவில் வந்து இறங்குமுன், சுமைதூக்கும் தொழிலாளர்கள் சூழ்ந்துகொண்டனர். கடைவீதியில் எதை இறக்கினாலும் அது அவர்கள் உரிமை. இது சரக்கன்று, இசைக்கருவி என்று நான் விளக்கியது எடுபடவில்லை. நால்வர் அதைத் தூங்கும் குழந்தையைப் போல ஏந்திச் சென்று உள்ளே நிறுத்தினர். வியந்து நின்ற என்னிடம் அவர்கள் தலைவர் சொன்னார்: "அரிச்சாக்கு கிழிஞ்சா தச்சுக்கலாம் டீச்சரே, இது கிழிஞ்சா நீங்க எங்களைத் தச்சிருவீங்க."

அப்பழுக்கற்ற வாசிப்பு

ஜாஸில் மூவரும் ஒரு மெட்டைச் சேர்ந்து தொடங்குவர். பின் ஒவ்வொருவரும் தோன்றியபடி வாசித்துவிட்டு மீண்டும் மெட்டுக்கு வருவர். தோன்றியபடி என்பது எனக்கு ஒவ்வாத சொல். நேற்று வாசித்ததை இன்று மாற்றினால் அது பிழை என்று பயிற்சியிலேயே திட்டமாகக் கூறிவிட்டேன். முதல் இரண்டு சனிக்கிழமைகளும் முன்வரிசையில் அமர்ந்து கண்காணித்தேன். ஓர் இம்மியும் பிசகவில்லை.

பாராட்டை எதிர்பார்த்து மாத்யூவிடம் சென்றேன். அவர் கோப்பையைத் துடைத்தவாறே சொன்னார்: "இதுக்கு நான் ஒரு சிடி போட்டாப் போதுமே, டீச்சரே. பிள்ளைங்க ஒங்க முகத்தைப் பாத்துப் பாத்தல்லே வாசிக்குது!"

அடுப்படியில் ஓர் இருக்கை

மூன்றாம் சனிக்கிழமைக்கு மாத்யூ ஒரு நிபந்தனை விதித்தார்: டீச்சர் சமையலறையில் இருந்து கேட்க வேண்டும். என்னை இதுவரை எவரும் வெளியே அனுப்பியதில்லை. ஆயினும் ஜோபின் பயணச்சீட்டு எடுத்து வைத்திருந்தான். ஆகவே சென்று அடுப்பருகே இருந்த ஸ்டூலில் அமர்ந்தேன்.

தென்காசியிலிருந்து வந்த சமையற்காரி சரசு, பழம்பொரி எனப்படும் வாழைப்பழ பஜ்ஜியைப் பொரித்துக்கொண்டிருந்தாள். பழகிய மெட்டின் நடுவே டபுள் பேஸ் தடம் மாறி, பயிற்சியில் ஒருநாளும் கேளாத திசையில் எங்கோ போயிற்று. கதவைத் திறக்க என் கை எழுந்தது. அதற்குள் ட்ரம்பெட் அந்தப் பிசகையே பிடித்துக்கொண்டு குறும்பாய் ஏதோ கேட்டது. கிட்டார் மறுமொழி சொன்னது. கூடத்தில் சிரிப்பும் கைதட்டலும் சேர்ந்தெழுந்தன. எண்ணெயில் பழம்பொரி கருகியதை நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை. "அந்தப் பெரிய பெட்டிக்காரத் தம்பி தப்பா வாசிச்சதுதானே டீச்சர், எல்லாத்துலயும் நல்லாருந்துச்சு?" என்றாள் சரசு. ஆம் என்று தலையசைத்தேன். பிழைக்கு நான் மதிப்பெண் வழங்கியது அதுவே முதன்முறை.

கதவைத் தள்ளிக்கொண்டு மாத்யூ வந்தார். "ஜோபின் சீட்டைக் கிழிச்சாச்சு. இனி எல்லாச் சனியும் அவங்களுக்கு மேடை, டீச்சருக்கு இந்த ஸ்டூல்!"

குழு சிறக்க மேலாளர் ஆற்ற வேண்டிய தலையாய பணி கண்ணில் படாமல் இருப்பதே என்பதை உணர்ந்து, அப்பணியையும் வாரந்தோறும் ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்து ஆற்றிவருகிறேன்.