கறுப்புத் திரையைப் பார்த்து எழுதிய கொப்பி

2004ஆம் ஆண்டு வேலணையில் சிறிய கணினி வகுப்பு ஒன்று நடத்தினேன். ஒருநாள் நெடுந்தீவிலிருந்து ஒரு பெண் வந்தார். கணவர் இல்லை, கைக்குழந்தை உண்டு. இரண்டு வாரத்தில் யாழ்ப்பாணத்தில் ஓர் அலுவலக வேலைக்குக் கணினித் தேர்வு. அந்த வேலையைத்தான் அவர் நம்பியிருந்தார். குழந்தையோடு தினமும் படகேறி வர முடியாது. ஊர்ப் பாடசாலைக் கணினியில் பின்னேரங்களில் பழகலாம் என்றார்.

"அப்ப நான் திரையிலை செய்யுறதைப் பதிஞ்சு சீடியிலை தாறன்" என்றேன். அதற்கென ஒரு மென்பொருள் வைத்திருந்தேன், அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. பக்கத்தில் கடை வைத்துக் கலியாண வீடியோ எடுக்கும் அண்ணை இதைக் கேட்டுவிட்டு, "அங்கை என்னத்திலை பார்ப்பினம்? கமராவாலை திரையை எடுத்துத் தரட்டோ?" என்றார். கலியாண வீடு எடுக்கிற மாதிரி எடுக்கிற வேலையா இது என்று எனக்குச் சிரிப்பு வந்தது. வேண்டாம் என்றுவிட்டேன்.

சீடி படகில் போனது. ஒரு வாரமாகப் பதில் இல்லை. குறிகட்டுவான் துறையில் படகேறி நானே போனேன்.

அவர் கொப்பியைக் காட்டினார். பக்கம் பக்கமாக என் வார்த்தைகள்: "இதை அழுத்தவும். பிறகு இங்கே இழுக்கவும். இப்போது இது வரும்."

"குரல் வடிவாக் கேட்குது ரீச்சர். படம்தான் கறுப்பு. நாலு தரம் போட்டுப் பார்த்தனான். எனக்குத்தான் விளங்கேல்லையெண்டு நினைச்சன்."

என் கணினியில் விண்டோஸ், அந்தப் பாடசாலையில் லினக்ஸ். என் மென்பொருள் பதிந்த படம் அதில் ஓடவில்லை. அங்கே எது இருக்கிறது என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. வெட்கமாகப் போய்விட்டது.

திரும்பியதும் அண்ணையிடம் போனேன். அவர் குத்திக்காட்டவில்லை. "கனடாவுக்குப் போற கலியாண வீடியோக் கசற் ஒரு விதம், லண்டனுக்கு வேறை விதம். மாறிப்போனா அங்கை ஓடாது. அதாலை முதல் அதைத்தான் கேட்கிறனான்" என்றார். நெடுந்தீவில் அந்தப் பெண்ணின் பக்கத்து வீட்டில் தொலைக்காட்சியும் டிவிடி பிளேயரும் இருப்பதை நான் பார்த்து வந்திருந்தேன். அதைச் சொன்னதும், அது போதும் என்றார்.

திரையில் வெளிச்சம் அடிக்காமல் யன்னலைச் சேலையால் மூடினோம். கமராவுக்குள்ளால் பார்க்க, கணினித் திரையில் கோடுகள் ஓடின. அண்ணை கமராவில் எதையோ திருகி அவற்றை நிறுத்தினார். இந்த முறை நான் 'இதை' என்று சொல்லவில்லை. ஒவ்வொரு பொத்தானின் பெயரையும் சொன்னேன். மறுநாள் காலைப் படகில் டிவிடி போனது. தேர்வுக்கு ஐந்து நாள் இருந்தது.

அவர் தேறினார், வேலையும் கிடைத்தது. எனக்கு நன்றி சொல்ல பனையோலையில் கட்டிய ஒரு சரை பனங்கட்டியோடு வந்தார். அதைக் கை நீட்டி வாங்கவே கூச்சமாக இருந்தது.

இன்றும் யாருக்காவது ஏதாவது பதிந்து அனுப்பும்போது, பிழை என்னுடையதாக இருக்க, தன்னைக் குறை சொல்லிக்கொண்டு கறுப்புத் திரையின் முன் எழுதிக்கொண்டிருந்த அவரை நினைத்த பிறகே அனுப்புகிறேன்.