ஒரு சிமிட்டலில் தெரிந்த இருபத்தேழு

என் மேசையின் கீழ் இழுப்பறையில் ஒரு பிளாப்பி கிடக்கிறது. கறுப்பு நிறம். தகட்டு மூடியில் லேசாகத் துரு ஏறியிருக்கிறது. மேலே ஒட்டிய வெள்ளைத் தாளில் என் கையெழுத்தில் 'மறைப்பு' என்று ஒரே ஒரு சொல். அதைப் படிக்கும் கருவி இன்று என் கம்ப்யூட்டர் கடையிலேயே கிடையாது, சேந்தமங்கலம் முழுக்கத் தேடினாலும் கிடைக்குமா என்பது சந்தேகம். கடையில் வேலை செய்யும் பெண்கள் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று அதைக் குப்பையில் போடுவதும், நான் திட்டிக்கொண்டே எடுத்து வைப்பதும் வழக்கமாகிவிட்டது. பழசைக் கட்டிக்கொண்டு அழுகிற ஆள் இல்லை நான். இளம் வயதில் நான் எழுதியவற்றிலேயே பிழை இல்லாத நிரல் அதில்தான் இருக்கிறது. அதை ஒருவருக்கும் கொடுக்கவில்லை. அந்தப் பெருமைக்காகத்தான் வைத்திருக்கிறேன்.

கொடுக்காமல் போனதற்குக் காரணம் என் சின்னம்மா. அம்மாவுக்கு நேர் இளையவள். கொல்லிமலையில் சோளக்காடு என்கிற ஊரைத் தாண்டி உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் ஊரிலேயே வாழ்க்கைப்பட்டவள். ஆள் குள்ளம், குரல் மட்டும் எட்டு ஊருக்குக் கேட்கும். சித்தப்பா காய்ச்சலில் இறந்ததும் அவர் பயிர் வைத்திருந்த சரிவுக்காட்டின் மேல் அவருடைய தம்பிக்குக் கண் விழுந்தது. பொம்பளை ஒருத்தி காட்டைப் பார்க்க முடியாது என்று ஊர்க்கூட்டத்தில் பேச்சை எடுத்தார். சின்னம்மா எழுந்து, முடியும் என்றாள். சரி, குச்சிக்கிழங்கு போட்டிருக்கிறாயே, அது ஆலையில் இருபத்தைந்து பாயிண்டாவது வரட்டும், காடு உன்னிடமே இருக்கட்டும், வராவிட்டால் என்னிடம் விட்டுவிடு என்றார் கொழுந்தனார். ஊரும் அது நியாயம்தான் என்று தலையாட்டியது. எந்த ஆம்பளையின் காட்டுக்கும் இப்படி ஒரு பரீட்சை வைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. இதை இப்போது எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பாயிண்ட் என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். குச்சிக்கிழங்கு என்பது மரவள்ளி. ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகளில் அதை வெறும் எடைக்கு வாங்குவதில்லை. அதில் மாவு எவ்வளவு என்று பார்ப்பார்கள். லாரியிலிருந்து கொஞ்சம் கிழங்கை எடுத்துக் கழுவி, கம்பிக் கூடையில் போட்டு, தராசில் தொங்கவிட்டுத் தொட்டித் தண்ணீருக்குள் முக்குவார்கள். தண்ணீருக்குள் அது காட்டும் எடையை வைத்து வரும் கணக்குதான் பாயிண்ட். மாவு அதிகம் என்றால் பாயிண்ட் ஏறும், விலையும் ஏறும். வருஷம் முழுக்கச் சரிவில் முதுகு ஒடிய நின்றவனின் உழைப்பை அந்த ஒரு எண்தான் சொல்லும். அந்த எண்ணைச் சொல்லும் வாய் எப்போதும் ஆலைக்காரனுடையதாகவே இருந்தது.

இரண்டாயிரம் பிறந்த சமயம் அது. கல்லூரி முடித்து மலையிலிருந்து இறங்கி, சேந்தமங்கலத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். சொல்லிக்கொடுப்பது பாதி, நிரல் எழுதிக்கொடுப்பது பாதி. பக்கத்து ஆலை ஒன்று தராசைக் கணினியோடு இணைத்து, பாயிண்ட் தானாக வரும்படி செய்து தரக் கேட்டது. முதலாளி அந்த வேலையை என்னிடம் தந்தார். மெனு, கருவிப்பட்டை என்று எந்த அலங்காரமும் இல்லாமல் ஒரே ஒரு டயலாக் பாக்ஸ் மட்டும் திறக்கும்படி எழுதினேன். சின்ன ஜன்னல்தான், ஆனால் அதற்குள் பாயிண்டைப் பெரிய எழுத்தில் வைத்தேன். வாசலில் நிற்பவர் கண்ணுக்கும் தெரிகிற அளவு பெரிது. வேண்டுமென்றேதான் வைத்தேன். கிழங்குக்காரர்கள் கதவோரம் கூட்டமாக நின்று எண் மாறுவதை வேடிக்கை பார்த்தார்கள். எண் நின்றதும் அவர்களே வாய்விட்டுப் படித்தார்கள். ஆலை மேனேஜருக்கு அதையே சீட்டில் எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை.

அந்தக் கூத்து நெடுநாள் நிலைக்கவில்லை. ஆலையிலிருந்து போன் வந்தது. கணினியைப் போட்டதும் நிரல் தானாக ஓட வேண்டும், அளக்க வேண்டும், பதிவு செய்ய வேண்டும், ஆனால் ஜன்னல் மட்டும் திரையில் தெரியக்கூடாது. மேனேஜர் பார்க்க விரும்பினால் மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்துவார், அப்போது வந்தால் போதும். உண்மையான எண் ஆலைக்கு, வேறொரு எண் கிழங்குக்காரனுக்கு என்பதை இதைவிடப் பச்சையாக யாரும் சொல்ல முடியாது. நான் முடியாது என்றேன். முதலாளி கெட்டவர் இல்லை, பயந்தவர். "நமக்கெதுக்கு அம்மிணி ஊர் வம்பு? கேக்கறதச் செஞ்சு குடுக்கறதுதானுங்க நம்ம தொழிலு" என்றார். என் சம்பளத்தில்தான் தம்பி படித்துக்கொண்டிருந்தான். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஒரு ஜன்னலைத் தொடக்கத்திலேயே மறைப்பது கேட்பதற்கு எளிது. நிரல் எழுந்ததும் முதலில் ஓடும் பகுதி ஒன்று உண்டு. அதில் 'மறைந்துகொள்' என்று ஒரு வரி எழுதினேன். ஜன்னல் சட்டை செய்யவே இல்லை, ஜம்மென்று வந்து நின்றது. என் வரி ஓடி முடிந்த பிறகுதான் ஜன்னலைத் திரையில் காட்டும் வேலையே தொடங்குகிறது என்பது பிறகு புரிந்தது. இல்லாததை மறைக்கச் சொன்னால் எப்படி மறையும்? ஆகவே, திரைக்கு வந்தபின் மறை என்று மாற்றினேன். இப்போது வந்தது, ஒரு சிமிட்டு சிமிட்டியது, போனது. அன்றைய கணினிகள் சோம்பேறிகள், அந்தச் சிமிட்டலில் எண்ணைப் படித்துவிடலாம். அப்படியே ஆலையில் போட்டுவிட்டு வந்தேன். ஒளிந்துகொள்ளச் சொன்னாலும் ஒருமுறை முகத்தைக் காட்டிவிட்டுத்தான் போவேன் என்கிற அதன் திமிர் எனக்குப் பிடித்துப் போயிற்று. மேனேஜருக்குப் பிடிக்கவில்லை. அந்தச் சிமிட்டலும் கூடாது என்றார். தடிமனான புத்தகம் ஒன்றைப் புரட்டி வழியைக் கண்டுபிடித்தேன். ஜன்னலைக் 'காட்டு' என்று போகும் கட்டளையை நடுவழியிலேயே பிடித்து, அதிலுள்ள 'காட்டு' என்கிற குறியை அழித்துவிட வேண்டும். சோதித்துப் பார்த்தேன். சிமிட்டல் அறவே இல்லை. அதைத்தான் பிளாப்பியில் ஏற்றி, 'மறைப்பு' என்று எழுதி, பையில் போட்டுக்கொண்டு ஆலைக்குப் போனேன்.

வாசலில் எங்கள் ஊர் லாரி நின்றது. மேலே சின்னம்மாவின் கிழங்கு. சின்னம்மா தராசுக்குப் பக்கத்தில் நின்றாள், இரண்டடி தள்ளிக் கொழுந்தனார் துண்டை உதறிக்கொண்டு நின்றார். கூடை ஏற்கெனவே தண்ணீருக்குள் இருந்தது. மேனேஜர் திரையைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு எதையோ பார்த்தார், பார்த்துவிட்டு "இருபத்தி நாலு" என்று சொல்லிச் சீட்டை எழுதப் போனார். கொழுந்தனார் முகத்தில் வந்த சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை. கூடையைத் தூக்க வந்த ஆளைச் சின்னம்மா தடுத்தாள்.

எங்கள் ஊரில் பங்கு பிரிக்கும்போது ஒரு வழக்கம். அளந்த கூடையின் மேல் பங்குக்காரர் கை வைத்திருப்பார். அளந்தவர் அளவைச் சத்தமாகச் சொல்ல வேண்டும், பங்குக்காரர் தன் கண்ணால் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். அதுவரை கையும் எடுபடாது, கூடையும் நகராது. சின்னம்மா கூடையை நோக்கிக் கையைக் கொண்டுபோனாள்.

"கைய வெச்சா எடை தப்பாப் போயிருமுங்க. எடுங்க அம்மா" என்றார் மேனேஜர்.

சின்னம்மா கையைக் கூடைக்குப் போகவிடாமல் தொட்டி விளிம்பில் வைத்துக்கொண்டாள். "கூடையத் தொடலீங்க. தொட்டியத்தான் புடிச்சிருக்கறேன். சத்தமாச் சொன்னீங்க, சரி. எங்க பாத்துச் சொன்னீங்க? அத எனக்குங் காட்டுங்க."

"அதெல்லாம் கம்ப்யூட்டருக்குள்ள இருக்குதுங்க. உங்களுக்குப் புரியாது."

"நம்பரு தெரியுமுங்க எனக்கு. நாலு எது, ஏழு எதுன்னு தெரியும்."

பேச்சு வளர்ந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போனது. அந்தப் பக்கம் அது தினப்படி சமாச்சாரம். மற்ற லாரிக்காரர்கள் டீக்கடைக்கு நடையைக் கட்டினார்கள். கொழுந்தனார்கூடப் போனார். சின்னம்மா அசையவில்லை. ஆலை ஆள் இரண்டாம் முறை கூடையைத் தூக்க வந்தபோது, "தூக்கிப் பாரு சாமி" என்று மட்டும் சொன்னாள். அவன் போய்விட்டான். சின்னம்மா என் பக்கமே திரும்பவில்லை. நான் அந்த ஆலைக்கு வேலை செய்பவள் என்பது அவளுக்குத் தெரியும். என்னை இக்கட்டில் விட அவளுக்கு மனமில்லை என்று நினைக்கிறேன். பையில் இருந்த பிளாப்பி எனக்குக் கல்லாய்க் கனத்தது.

டீ குடித்தவர்கள் திரும்பி வந்த நேரத்தில் கரண்டும் வந்தது. தராசுக்கு உள்ளேயே பேட்டரி உண்டு, அது தூங்கவே இல்லை. கணினிதான் முனகிக்கொண்டே எழுந்தது. மேனேஜர் வாசல் பக்கம் லாரிக்காரர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தார். சின்னம்மா தொட்டியை விடாமலே மேசைப் பக்கம் சாய்ந்து திரையை எட்டிப் பார்த்தாள். என் நிரல் தானாக ஓடி, தராசைக் கேட்டு, தண்ணீருக்குள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த சின்னம்மாவின் கிழங்கைக் கணக்குப் போட்டு, திரைக்கு வந்தது. ஒரு சிமிட்டல். போனது.

"இருபத்தி ஏழு!" சின்னம்மாவின் குரல் ஆலைக் கூரையில் முட்டித் திரும்பியது. "இப்ப ஒண்ணு வந்துச்சு, பாத்தேன். இருபத்தி ஏழு!"

மேனேஜர் ஓடிவந்தார். "அது மிஷினு எந்திரிக்கறப்ப கண்டதையுங் காட்டுமுங்க. அதையெல்லாங் கணக்குல எடுக்க முடியாது." பிறகு என் பக்கம் திரும்பினார். "இந்தக் கண்றாவியத்தான் நிறுத்தச் சொன்னமுங்க அம்மிணி. நீங்களே சொல்லுங்க இவங்களுக்கு. அது சும்மா வர்றதுதானுங்களே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கொழுந்தனாரும் பார்த்தார். ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் என் வேலை இருந்திருக்கும், காடு போயிருக்கும். எனக்கு வந்தது பயமே இல்லை, நல்ல கோபம். நான் எழுதிய எண்ணை, நான் சரிபார்த்த கணக்கை, சும்மா வருவது என்று என்னையே சொல்லவைக்கப் பார்க்கிறார்கள்!

"இல்லீங்க. அதுதான் நெசம்" என்றேன். மேசைக்குப் போய் அந்த மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினேன். ஜன்னல் மேலே வந்தது. திரையை இரண்டு கையாலும் பிடித்து வாசல் பக்கம் திருப்பிவைத்தேன். இருபத்தேழு. இம்முறை சிமிட்டவில்லை, அசையாமல் நின்றது.

கதவோரம் நின்ற ஒருவர் அதைச் சத்தமாகப் படித்தார். பிறகு இன்னொருவர். முந்தின வாரம் கிழங்கு போட்டவர் ஒருவர், "அப்ப எனக்கு என்னத்தச் சொன்னீங்க?" என்று மேனேஜரை நெருங்கினார். மேனேஜர் வேறு சீட்டை எடுத்து எழுதினார். சின்னம்மா அதை வாங்கித் திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். அதன் பிறகு கொழுந்தனாரைப் பார்த்தாள். "பாத்துட்டீங்களா?" என்று கேட்டாள். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "ம், பாத்தேன்" என்றார். "சத்தமாச் சொல்லுங்க" என்றாள். அவர் சொன்னார். "சரி" என்று சொல்லிவிட்டுத்தான் தொட்டியிலிருந்து கையை எடுத்தாள்.

மறுநாள் முதலாளி என்னை வேலைக்கு வரவேண்டாம் என்றார். அவர் கண் கலங்கியிருந்தது, என் கண் கலங்கவில்லை. அந்த ஆலை என் நிரலைத் தூக்கியெறிந்துவிட்டுப் பழையபடி கையால் எழுதும் முறைக்கே போய்விட்டது. உலகத்தைத் திருத்திவிட்டேன் என்று நான் சொல்ல வரவில்லை. தம்பியின் படிப்புக்கு அம்மா நகையை அடகு வைத்தாள், வீட்டில் சில மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சின்னம்மா மட்டும் மலையிலிருந்து இறங்கி வரும்போதெல்லாம் ஒரு பை கிழங்கைக் கொண்டுவந்து வைப்பாள். "இருபத்தி ஏழு கண்ணு, நல்லா வேவும்" என்பாள். கிண்டலா நன்றியா என்று கேட்டதில்லை. போன தை மாதம் இறந்துபோனாள். அதுவரை அந்தக் காட்டில் அவளைக் கேட்காமல் ஒருவரும் மண்வெட்டி வைத்ததில்லை. கொழுந்தனாரே கூலிக்கு ஆள் தேவையா என்று ஒருமுறை கேட்டு வந்தார். அதை அவள் சொல்லிச் சிரித்த சிரிப்பை எழுத எனக்குத் தெரியாது.

இப்போது நானே சொந்தமாகக் கடை வைத்திருக்கிறேன். திறக்கும்போது ஜன்னல் தெரியக்கூடாது என்று கேட்டு இன்றும் ஆட்கள் வருகிறார்கள். தப்பில்லை, பின்னால் இருந்து நேரத்துக்கு மணி அடிக்கும் நிரலுக்குத் திரையில் என்ன வேலை? இன்றைக்கு அதைச் செய்வது நொடி வேலை. ஆனால் வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேட்பேன். போன வாரம் கிழங்குத் தரகர் ஒருவர் வந்தார், வெள்ளைச் சட்டை, விலை உயர்ந்த போன். தராசோடு இணைத்த நிரல் வேண்டும், ஆனால் திரையில் எதுவும் வரக்கூடாது என்றார்.

"யாருக்குத் தெரியக்கூடாதுங்க?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "அது எதுக்குங்க உங்களுக்கு?"

நான் மேசை விளிம்பில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் போனைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். கீழ் இழுப்பறையைத் திறந்து அந்தப் பிளாப்பியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "நீங்க கேக்கறது இதுக்குள்ள இருக்குதுங்க. சுத்தமா வேலை செய்யும். ஆனா குடுக்க மாட்டேன்" என்றேன்.

அவர் எழுந்து போன பிறகுதான் மேசையிலிருந்து கையை எடுத்தேன்.