காஜா மெஷின் சத்தம்

எங்கள் தையல் கூடத்தில் சட்டைக்குப் பட்டன் துளை போடுகிறவளை எல்லோரும் காஜாக்கா என்பார்கள். கட்டிங் மாஸ்டரான என்னைவிட வயதில் சின்னவள்தான், ஆனாலும் அக்கா. இரண்டு கால்களும் விளங்காது. தினமும் ஒன்பதரைக்கு ஆட்டோக்காரர் சக்கர நாற்காலியைத் தள்ளிவந்து மெஷின் முன்னால் விடுவார். மெஷினில் பெடலுக்குப் பதிலாகக் கை சுவிட்ச். மெக்கானிக்கோடு மல்லுக்கட்டி அவளே மாட்ட வைத்தது.

வாய் சும்மா இருக்காது. நான் ஒரு துணியைக் கோணலாக வெட்டிவிட்டால் போதும், "மாஸ்டருக்கு இன்னிக்கு வீட்ல பூஜை நடந்திருக்கு" என்று கூடம் முழுக்கக் கேட்கச் சொல்வாள். அவள் வீட்டில் சண்டை போடக்கூட ஆள் கிடையாது. பேச்சு, சிரிப்பு எல்லாம் இங்கேதான்.

ஊனமுற்றோர் உதவித்தொகை அப்படியே ஆட்டோவுக்குப் போய்விடும். கூலியில் வாடகையும் சாப்பாடும். போன வருடம் அரசு செலவைக் குறைக்கக் கிளம்பியது. விசாரிக்க வந்த அதிகாரி, "வேலைக்குப் போறீங்களாம்மா?" என்று கேட்டார்.

இவளுக்குப் பெருமை தாங்கவில்லை. "பதினோரு வருஷமா சார். ஒரு நாள் லீவு போட்டதில்ல."

உழைக்கும் திறன் உள்ளவர் என்று எழுதித் தொகையை நிறுத்திவிட்டார்கள். அவளை வேலைக்குக் கொண்டுவந்து விட்டதே அந்தப் பணம்தான். இதுகூடப் புரியாதவர்களுக்கு எதற்கு மேசையும் மின்விசிறியும்?

ஆட்டோக்காரர் ஒரு மாதம் பாதி வாடகைக்கு ஓட்டினார். அப்புறம் அவருக்கும் கட்டுப்படியாகவில்லை. அவள் வருவது நின்றது. உதவித்தொகை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். "இப்ப வேலை இல்லல்ல? புதுசா விண்ணப்பிக்கச் சொல்லுங்க. ஆறு மாசம் ஆகும்" என்றார்கள்.

தினமும் டீ நேரம் முடிகிற சமயத்தில் காஜாக்கா என் போனுக்குக் கூப்பிடுவாள். முதலில் ஆளாளுக்குப் பேசினோம். பேச ஒன்றும் இல்லாமல் போனபோது, "போனை மேசை மேல வச்சிட்டு வேலையப் பாருங்க மாஸ்டர். மெஷின் சத்தம் கேட்டுட்டு இருக்கேன்" என்றாள். அப்படியே பழகிவிட்டது.

மூன்றாம் மாதம் சட்டைகள் குவிந்துபோய், முதலாளி வேறொரு பெண்ணைச் சேர்த்தார். அவளுக்கு வசதியாகப் பெடலையே திரும்ப மாட்டினோம். காஜாக்காவிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஆனால் அன்றைக்கும் பழக்கதோஷத்தில் போனை மேசை மேல் வைத்துத் தொலைத்தேன்.

"மாஸ்டர்..."

எடுத்துக் காதில் வைத்தேன்.

"என் மெஷின ஓட்டுறவங்கள கொஞ்சம் மெதுவா ஓட்டச் சொல்லுங்க. நூல் அறுந்துடும்." பிறகு சொன்னாள், "என் கை சுவிட்ச மட்டும் கழட்டிடாதீங்க."

சுவிட்ச் என் மேசை இழுப்பறையில் கிடந்தது.

"இல்லம்மா, மெஷின்லதான் இருக்கு" என்றேன்.