கரையில் மிஞ்சிய செருப்பு

அம்மாவை ஐ.சி.யு.வுக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள்; அவள் செருப்பு மட்டும் வாசலில் கிடந்தது. அதைப் பார்த்ததும் கோட்டைப்பட்டினத்தின் சேற்று வாசனை வந்தது.

இப்போது அங்கே கான்கிரீட் படகுத்துறை. அப்போதெல்லாம் மாசியில் கடல் வெகுதூரம் உள்வாங்க, பழைய துறையில் படகுகள் சேற்றில் சாய்ந்து கிடக்க, நண்டு பிடிக்கும் பெண்கள் டீக்கடை வாசலில் செருப்பை வரிசையாகக் கழற்றிவிட்டு இறங்குவார்கள். தண்ணீர் திரும்பும்போது ஒரு செருப்பும் மிஞ்சக் கூடாது. பார்த்துக்கொள்வது டீக்கடை அக்கா.

அரிமளத்திலிருந்து கடல் பார்க்க வந்த எங்களுக்கு அது தெரியாது. அம்மா, கோயிலுக்குள் போகிறவள்போல அந்த வரிசையிலேயே செருப்பை விட்டுவிட்டு, கடலைக் கும்பிட்டு, என்னை அழைத்துக்கொண்டு தூரத்துப் பனை நிழலுக்குப் புளிச்சோறு சாப்பிடப் போய்விட்டாள். தண்ணீர் சத்தமில்லாமல் ஏறியது. நாங்கள் திரும்பியபோது ஆண்கள் படகுகளைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள்.

அம்மா பதறிப்போய், "யாருக்கு என்னாச்சுங்க?" என்றாள்.

டீக்கடை அக்கா அவளுடைய வெறுங்காலையே பார்த்தாள். "ஒங்களத்தான் தேடுறோம்."

ஐ.சி.யு. கதவு இன்னும் திறக்கவில்லை. முதுகுக்குப் பின்னாலிருந்து அம்மா அதே கேள்வியைக் கேட்பாள் என்று திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன்.