சிமெண்ட் பால் ஊற்றும் கை

பதினோரு வருஷமாக அன்வர் பாஷா மேஸ்திரிக்குச் சிமெண்ட் பால் ஊற்றியது எல்லம்மாளின் கைதான். டைல்ஸ் பதிப்பதற்கு முன், சிமெண்டைத் தண்ணீரில் கரைத்துத் தரையில் ஊற்றிப் பரப்புகிற வேலை அது. கெட்டியாக இருந்தாலும் கெட்டது, நீர்த்துப் போனாலும் கெட்டது. சித்தாள்கள் எத்தனை பேர் வந்தாலும் போனாலும், மேஸ்திரி அந்த நேரத்தில் திரும்பிக்கூடப் பார்க்காமல் "எல்லம்மா" என்பார். தாலி கட்டியவன் ஆரணிப் பக்கம் இன்னொருத்தியோடு போய்விட்ட பிறகு, அவள் பெயரைத் தேவையோடு கூப்பிட்ட குரல் இந்த உலகத்தில் அது ஒன்றுதான்.

எண்பத்து மூன்றாம் வருஷம் அந்தக் குரலுக்கும் பங்காளி வந்தாள்.

செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவதற்காக, கோதண்டராமன் தன் வீட்டுக் கூடத்தில் மொசைக் டைல்ஸ் போடச் சொன்னார். பழைய சிமெண்ட் தரைக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தது. பெயிண்ட் மேல் கலவை பிடிக்காது. ஒரு விரல் அகலம்கூட விடாமல் உளியால் கொத்தி, தரையை அம்மைத் தழும்பு விழுந்த முகம்போல் ஆக்கவேண்டும். அந்த வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவள் ரேணுகாம்பாள், கீழ்பென்னாத்தூர்க்காரி. வந்த மூன்றாம் நாளே மேஸ்திரி சொன்னார்:

"இந்தப் பொண்ணு கை பதமா இருக்குது எல்லம்மா. இந்த வாட்டி பால் அது ஊத்தட்டும். உனக்கும் இடுப்பு வலி ஜாஸ்தின்னியே."

இடுப்பு வலி என்று சொன்ன தன் வாயை எல்லம்மாள் அன்று முழுக்கச் சபித்தாள்.

கூடத்தின் நடுவில் சுண்ணாம்பால் ஒரு கோடு. வாசல் பக்கம் எல்லம்மாளுக்கு, ஜன்னல் பக்கம் ரேணுகாவுக்கு. இரண்டு உளிகளும் விழுந்துகொண்டிருந்தன. எல்லம்மாளின் காதில் அடுத்தவள் உளி மட்டுமே கேட்டது. அது சீராக விழுந்தது. அந்தச் சீரைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

மத்தியானம் மேஸ்திரி தொழுகைக்குப் போயிருந்தார். ரேணுகா உள்ளங்கையை ஊதிக்கொண்டாள்.

"கொப்புளம் வந்துடுச்சுக்கா. இந்த மூலைல பெயிண்ட் தோல் மாதிரி ஒட்டிக்கினு இருக்குது."

ஜன்னலுக்குப் பெயிண்ட் அடித்தவன் விட்டுப்போன மண்ணெண்ணெய் டின் அங்கேயே இருந்தது. எல்லம்மாளின் கண் அதில் போய் நின்றது.

"இதுக்குப் போயி கையப் புண்ணாக்கிக்கிறியா? மண்ணெண்ணெய் ஊத்தித் தேய். தன்னால கழண்டு வந்துடும்."

"மேஸ்திரி ஒண்ணும் சொல்ல மாட்டாரா?"

"பதினோரு வருஷமா கூட இருக்கறேன். எனக்குத் தெரியாதா?"

தெரிந்திருந்தது. அதுதான் பாவம். வேலைக்குச் சேர்ந்த முதல் மாசம், வேட்டவலம் ரோட்டு வீடு ஒன்றில் அவளே அப்படித் தேய்த்திருக்கிறாள். எண்ணெய் குடித்த தரையில் பதித்த டைல்ஸ் ஆறே மாசத்தில் ஆடுகிற பல்லாகிவிட்டது. மேஸ்திரி அத்தனையும் பெயர்த்து, மறுபடி போட்டுக் கொடுத்தார். இவளும் மாட்டட்டும், மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறட்டும் என்று எல்லம்மாளின் மனசு துடித்தது.

மேஸ்திரி திரும்பி வந்ததும், பெருக்கிய தரையில் சொம்புத் தண்ணீரைத் தெளித்தார். எந்த வீட்டிலும் அது அவர் வழக்கம். வாசல் பக்கம் விழுந்த தண்ணீர் உடனே உள்ளே இறங்கியது. ஜன்னல் பக்கம் அது முத்து முத்தாக நின்றது. அவர் குனிந்து முகர்ந்தார்.

"யார் ஊத்துனது?"

"நான்தான் மேஸ்திரி," என்றாள் ரேணுகா, சந்தோஷமாக. "எல்லம்மாக்கா வழி சொல்லிக் குடுத்தாங்க. இல்லன்னா இன்னிக்கு முடிச்சிருக்க மாட்டேன்."

மேஸ்திரி எல்லம்மாளைப் பார்த்தார். அவள் முந்தானையில் இல்லாத அழுக்கைத் துடைத்தாள்.

"வேட்டவலம் ரோட்டு வீட்டுல நீ தெரியாம செஞ்சே," என்றார் மெதுவாக.

அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

"எண்ணெ எறங்குன ஆழம் வரைக்கும் கொத்தணும். அரை அங்குலமாவது போவும்."

"நானே கொத்துறேன் மேஸ்திரி," என்றாள் எல்லம்மாள்.

இரண்டு நாள் கொத்தினாள். இடுப்பு கழன்று விழுகிற மாதிரி வலித்தது. கூடக் கொத்த வந்த ரேணுகாவை விரட்டினாள். அவள் போகாமல் எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏங்க்கா அப்படிச் சொன்னீங்க?"

"பால் ஊத்துற கை என்னோடதுடி," என்றாள் எல்லம்மாள். சொன்ன பிறகுதான் அழுகை வந்தது.

ரேணுகா விழித்தாள். "அந்த வாளியவா? முதுவு ஒடியுற வேலக்கா அது. நீங்களே வெச்சிக்கங்களேன். மணல் சலிக்கிறதுன்னா நான் பாட்டுக்கு ஒக்காந்துக்கினு இருப்பேன்."

அது இன்னும் எரிந்தது. தான் உயிராக நினைத்ததை இவள் வேண்டாத சாமானாக நீட்டுகிறாள்.

மூன்றாம் நாள் தண்ணீர் எல்லா இடத்திலும் இறங்கியது. மேஸ்திரி டைல்ஸ் பதிக்கக் கரணையோடு உட்கார்ந்தார். எல்லம்மாளின் கை தன்னையறியாமல் வாளிப் பக்கம் நகர்ந்தது.

"ரேணுகா," என்றார் அவர், திரும்பிப் பார்க்காமல்.

பால் இறங்கி, எல்லம்மாள் கொத்திய குழி ஒவ்வொன்றிலும் நிறைந்தது. அவள் வாசற்படியில் உட்கார்ந்து, வேறு பக்கம் பார்க்க முயன்றாள். முடியவில்லை.

"மூலைல தேங்குது பாரு," என்றாள் கடைசியில். "வாளிய அப்படிச் சாய்க்காத. கையால தள்ளு."